அடிப்பிடித்த கிடாரம் சொன்னவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து சரிகிற அளவுக்கு நல்ல சிரிப்பு. ஆனால் அது இப்போது இல்லை. சிரிக்க வேண்டிய இடம் வரும்போது நானே சொல்லுவேன். அதுவரைக்கும் முகத்தைச் செத்தவீட்டு முன்வரிசையில் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கோ, ஏனென்றால் இது பொறாமையைப் பற்றிய கதை, பொறாமைப்படுகிறவன் பக்கத்தில் நின்று சிரித்தால் அடிதான் விழும்.

எங்கள் ஊர் கோல்ட்விக், நோர்வேயின் வடக்குத் தொங்கலில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கிற இடம். கோடையில் சூரியன் மறையாமல் வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும், குளிர்காலத்தில் வரவே வராது, இரண்டு காலத்திலும் மீன் தொழிற்சாலையின் சங்கு நேரத்துக்கு ஊதும். அந்தத் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டுவதற்கென்று முப்பது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பதினொரு குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் ஆரபி, வயது பதினாறு. எனக்கு எல்லாக் குரலும் வரும். தொழிற்சாலைச் சங்கு வரும், ரேடியோவில் காலநிலை வாசிக்கிற பெண் வருவாள், எங்கள் தமிழர் சங்கத் தலைவர் சபாரத்தினம் மாமா இரண்டுதரம் செருமிவிட்டு "ஆக மொத்தத்தில்" என்று தொடங்குவது வரும். கனடாவிலிருக்கிற சின்னம்மாவின் குரலில் அம்மாவைப் போனில் அழைத்து, அரைமணிநேரம் அம்மாவைப் பற்றியே அம்மாவிடம் குறைசொல்லியிருக்கிறேன், அம்மா அவ்வளவுக்கும் ஓம் ஓம் என்று அழுதா. உனக்கென்று ஒரு குரல் இருக்கா பிள்ளை என்று பிறகு கேட்டா. யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

அப்பாவுக்கு இருந்தது ஒரே கெட்டித்தனம். குகதாசன் என்றால் பியர் என்று ஊரில் பெயர். வீட்டில் பியர் காய்ச்சுவது இங்கே குற்றமில்லை, பாதி ஊர் காய்ச்சும். கடையில் தகரத்தில் மால்ட் பாணி விற்கும், பார்லி முளையை வேகவைத்து இறுக்கியெடுத்த கறுத்தப் பாணி, தேனைவிடத் தடிப்பு, தகரத்தைக் கவிழ்த்தால் வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வரும். அதைக் கொதிதண்ணீரில் கரைத்து, கசப்புக்கு ஹொப்ஸ் பூப் போட்டு, கொதித்தபின் ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் மூன்று கிழமையில் பியர். அப்பா ஐந்து லீற்றர் சட்டியில் காய்ச்சுவார், ஒரு கையால் பாணியை நூலாக ஊற்றி மறுகையால் துழாவுவார். அந்தப் பியரில் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொழிற்சாலை முகாமையாளர் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு லூசியன் மாமா வந்தார். மனைவி செத்தபின் நோர்வேயின் தெற்கிலிருந்து மாற்றலாகி, யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவர் இந்தக் கடலையும் ஒருதரம் பார்த்துவிட்டு, இது போதும் என்று படகுக் கொட்டில் ஒன்றை வாங்கி இருந்துவிட்டார். வந்த வருடமே அந்தக் கொட்டிலுக்குள் ஐம்பது லீற்றர் பியரை ஒரே காய்ச்சலில் காய்ச்சி, சங்க விழாவுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். சனம் குடித்தது. குடித்துவிட்டு, மன்னிக்கவேணும் குகன், என்கிற மாதிரி அப்பாவைப் பார்த்தது.

அடுத்த விழாவுக்கு அப்பா அறுபது லீற்றர் என்று அறிவித்தார்.

சங்கத்தின் பொங்கல் கிடாரத்தை விளையாட்டு மைதானத்தில் பெரிய காஸ் அடுப்பில் ஏற்றினார். சனம் சுற்றிவர நின்றது. இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பொங்கல் பானை அடுப்பில் ஏறினால் பொங்கி வழியும்வரைக்கும் நெருப்பை அணைக்கக் கூடாது, அணைந்தால் அந்த வருடமே அணைந்த மாதிரி என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். அப்பா அந்த எண்ணத்தைப் பியருக்கும் கொண்டுவந்துவிட்டார், அது பொங்கல் கிடாரம் வேறு. நெருப்பு நீலமாய் இரைந்துகொண்டிருக்க, ஒன்பது கிலோ பாணியைத் தகரம் தகரமாகக் கவிழ்த்தார். பாணி தண்ணீரைவிடப் பாரம். அது கரைவதற்காக யாருக்காகவும் காத்திருக்காது, நேரே அடிக்குப் போய், சூடு எங்கே கூடவோ அங்கே குந்தும். அப்பா துழாவுவதற்குள் குந்திவிட்டது. கருகிய சீனியின் மணம் எழும்பியது, கிடாரத்தின் நடுவில் ஒரு பெரிய குமிழி வந்து வெடித்தது, அதற்குள்ளிருந்து அப்பாவின் குரல், அப்பாவின் வாய் மூடியிருக்க, சத்தமாகவும் தெளிவாகவும் சொன்னது:

"லூசியன்ர பெயரை இந்த வெள்ளையள் ஒருக்காலும் பிழையாச் சொல்லுறேல்லை."

சனம் கிடாரத்தைப் பார்த்தது, பிறகு தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தது. சபாரத்தினம் மாமா இரண்டுதரம் செருமி, ஆக மொத்தத்தில் இதைக் கூட்ட அறிக்கையில் சேர்ப்பதா விடுவதா என்று செயலாளரைக் கேட்டார். சேர்க்கவேண்டாம் என்று முடிவானது. பியர் தார் மாதிரி வந்தது, சாம்பல் மாதிரிக் கசந்தது, விழாவில் மரியாதைக்கு எல்லோரும் ஒவ்வொரு கிளாஸ் குடித்தார்கள்.

கிடாரம் பேசின அந்தக் கிழமையே ஊர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. அடிப்பிடித்த மால்ட் பாணி, துழாவினவருடைய பொறாமையைத் துழாவினவருடைய குரலிலேயே சொல்லும், பால் சொல்லாது, சீனிப்பாகு சொல்லாது, பருப்பு எவ்வளவு கருகினாலும் வாயைத் திறக்காது, பாணி மட்டும்தான் என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டார்கள். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு தாச்சிச் சட்டியில் ஒரு கரண்டி பாணியைக் கருகவிட்டு, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டு, தாச்சியை ஊறப்போட்டார்கள். பாதிரியார் தேவாலயத்தின் பின்னறையில் கருகவிட, மற்றச் சபைக்காரரின் கித்தார்க்காரனைப் பற்றி அது இருபது நிமிடம் சொன்னதாம். அடுத்த ஞாயிறு அவருடைய பிரசங்கம் வழமையைவிட நன்றாக இருந்தது. பதினைந்து வருடம் முகம்பாராத இரண்டு மச்சாள்மார் ஒரே தாச்சியை மாறிமாறித் துழாவி, ஒருவரின் இடுப்பும் மற்றவரின் மாமியாரும் மாறிமாறிப் பொறாமைக்குரியவை என்று அறிந்து, கட்டிப்பிடித்து அழுது, பிறகு யாருடைய மாமியார் திறம் என்று திரும்பவும் கோபித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் சமையல் வகுப்புக்குப் பாணி கொண்டுவரத் தடை வந்தது. கடையில் கிழமைக்கு வீட்டுக்கு இரண்டு தகரம் என்று கட்டுப்பாடு வந்தது. ஒழுங்கும் தானாக வந்தது: பாணி சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது, சொன்னவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, மணம் அடங்கியதும் யாராவது ஒருவர் "கோப்பி குடிப்பம்" என்று சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டுத் தாச்சியும் ஒருநாள் சொன்னது. வீட்டில் எல்லோரும் துழாவிவிட்டுப் போனபின் யாருமில்லை என்று நினைத்து நான் ஒரு கரண்டி வைத்தேன். அது மெல்லிய குரலில், "அக்காவைப் பாக்கிற மாதிரி அப்பா என்னைப் பாக்கிறேல்லை" என்றது. அம்மாவும் அப்பாவும் முன்னறையில் இருந்து ஓடிவந்தார்கள். நான் யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இது ஆரின்ர குரல், கேட்ட குரலாயில்லையே என்று அம்மா கேட்டா. அப்பா தாச்சியை மணந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொறாமை புகைக்கூட்டால் வந்திருக்கும் என்றார். அதை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். நான் யன்னலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இதுவும் சிரிக்கிற இடமில்லை.

அப்பா மட்டும் தாச்சியோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்பக் கிடாரத்தில் காய்ச்சினார், ஏழுதரம், ஏழுதரமும் நெருப்பு இரைய இரைய ஊற்றினார், ஏழுதரமும் அடிப்பிடித்தது, ஏழுதரமும் கிடாரம் லூசியன் மாமாவைப் பற்றியே சொன்னது: லூசியனுடைய முழங்கால் இந்தக் குளிரிலும் நோகிறதில்லை என்று, லூசியன் சிரித்தால் நாய்கள்கூட வாலாட்டும் என்று, லூசியனுடைய படகு, லூசியனுடைய தாடி, லூசியன் மீனைப் பொரித்தால் தெருவே நிற்கிறது என்று. லூசியன் மாமாவின் கிடாரமோ ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கொட்டில் கதவைச் சாத்திவிட்டுத் தனியே காய்ச்சுவார், வெளியே நின்று காதுகொடுத்தவர்களுக்குக் கடல்தான் கேட்டது. பொறாமையே இல்லாத மனிதர் என்று ஊர் முடிவெடுத்தது. அதைக் கேட்ட அன்று அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் அக்காவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. அக்கா வாகினி, மாப்பிள்ளை எஸ்பன், படகு எஞ்சின் திருத்துகிறவன், நல்லவன், எனக்கு அவன் குரலும் வரும். அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. கலியாணப் பியரைப் பெண்ணின் தகப்பன் தன் கையால் காய்ச்சவேண்டும், காய்ச்சுகிற நாளில் மாப்பிள்ளையின் சொந்தம் முழுக்க வந்து சுற்றிவர நிற்கவேண்டும். அப்பா அந்த வழக்கத்தைக் கேட்டதும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா கோப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, லூசியன் மாமா காய்ச்சட்டும். அவையின்ர சனம் முழுக்க நிக்கேக்க கிடாரம் ஏதும் சொல்லிச்செண்டால் நான் எங்க போய் முகத்தை வைக்கிறது?"

அப்பா எழும்பிப் போய், முதல்நாளே கழுவிவைத்த கிடாரத்தைத் திரும்பவும் கழுவினார். ஒரு மணிநேரம் கழுவினார்.

சபாரத்தினம் மாமா நடுவில் வந்தார். இரண்டுதரம் செருமி, ஆக மொத்தத்தில் ஒரு சோதனை வைப்போம், இருவரும் சனத்தின் முன்னால் ஒவ்வொரு கிடாரம் காய்ச்சட்டும், எது பேசாமல் இருக்கிறதோ அந்தக் கை கலியாணப் பியரைக் காய்ச்சட்டும் என்றார். முதலில் லூசியன், அவருடைய கொட்டிலில், வருகிற ஞாயிறு பூசை முடிந்தபின். அப்பா சம்மதித்தார். லூசியன் மாமா தோளைக் குலுக்கினார். எப்படி முடியும் என்பது ஊருக்கே தெரியும், அப்பாவுக்கும் தெரியும், அவர் அந்தக் கிழமை முழுக்கச் சாமிப்படத்தின் முன்னால் நின்று என்ன கேட்டார் என்பதைத் தாச்சி இல்லாமலே சொல்லலாம்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அப்பாவுக்காகச் செய்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள், அது பாதிதான். மற்றப் பாதி, அக்கா இறக்கிவைத்த அப்பாவின் முகத்தை நான் தூக்கிவிட வேண்டும் என்பது.

ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும்போதே கொட்டிலுக்குள் நுழைந்து, கிடாரத்துக்குப் பின்னால் நின்ற படகுக்குள் ஏறி, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டேன். மீன் நாற்றம், எண்ணெய் நாற்றம், ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை, எல்லாவற்றையும் காதால்தான் பிடிக்கவேண்டும். என்ன சொல்வது என்று பாடமாக்கி வைத்திருந்தேன். லூசியன் மாமாவுக்கு மண்டை வழுக்கை, அப்பாவுக்கு அடர்ந்த முடி. "குகன்ர தலைமயிரைப் பாக்கப் பாக்க எனக்கு நித்திரை வாறேல்லை." அவ்வளவுதான். சனம் சிரிக்கும், அப்பா தலையைத் தடவுவார், சோதனை முடியும்.

சனம் வந்தது. காஸ் அடுப்பு இரைந்தது, தண்ணீர் கொதித்தது. பிறகு இரைச்சல் நின்றது, ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது, ஏதோ ஊற்றுகிற சத்தம், நீட்டுத் துடுப்பு கிடாரத்தின் அடியைத் தடவித் தடவிப் போகிற சத்தம். இதுதான் நேரம் என்று, லூசியன் மாமாவின் குரலைத் தொண்டைக்குள் ஏற்றினேன்.

ஒருவரின் குரலை முழுசாக ஏற்றினால் சில வேளை அது தன் பாட்டில் போகும். நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. நான் தலைமயிர் என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இது:

"குகன்ர வீட்டில ரெண்டு பிள்ளையள் அவனை அப்பா எண்டு கூப்பிடுகினம். என்ர பெடியன் நாலு வருசமாப் போன் எடுக்கேல்லை."

கொட்டிலுக்குள் துடுப்பு நின்றது. லூசியன் மாமாவுக்கு மகன் இருப்பதே எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அவர் இல்லை என்று சொல்லவில்லை, இது என்ர குரலில்லை என்றும் சொல்லவில்லை. சனம் சப்பாத்துகளைப் பார்த்திருக்கும். பிறகு ஆரோ நடந்துவருகிற சத்தம், துடுப்பு கைமாறுகிற சத்தம், அது திரும்பவும் அடியைத் தடவத் தொடங்கியது. தடவினது அப்பா என்று பிறகு அக்கா சொன்னாள்.

"கோப்பி குடிப்பம்," என்றார் அப்பா.

அதன்பிறகு சோதனையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. கலியாணப் பியரை நாங்கள் ரெண்டுபேருமாக் காய்ச்சுறம் என்று அப்பா அறிவித்தார், அக்கா அவரையும் லூசியன் மாமாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சரி, ஆனால் கிடாரம் வாய் திறந்தால் கலியாணத்தன்று நான் போத்தல் பியர்தான் வைப்பேன் என்றாள். அப்பாவின் முகம் எழும்பியது. ஆனால் அது எழும்பினது லூசியன் மாமாவைப் பார்த்து. நான் மறுபடியும் யன்னல் துடைத்தேன்.

காய்ச்சுகிற நாளில் எஸ்பனின் சொந்தம் முப்பது பேர், கம்பளிச் சட்டையோடு, கொட்டில் முற்றத்தில் சுற்றிவர நின்றார்கள். கிடாரத்தில் தண்ணீர் கொதித்தது. அப்பா முதல் தகரத்தைத் தூக்கினார். லூசியன் மாமா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"முதல்ல அடுப்பை அணை."

அப்பா அவரைப் பார்த்தார். "அண்ணை, கலியாணக் கிடாரம். அணைக்கவோ?"

"அணை. பாணியை இந்த வாளியில சுடுதண்ணியோட இளக்கு. அரைவாசியை இப்ப ஊத்து, மற்ற அரைவாசி கொதி முடியிறதுக்குக் கால்மணித்தியாலம் இருக்கேக்க. துடுப்பு அடியில வழுக்கோணும், ஒட்டக்கூடாது. அதுக்குப் பிறகு நெருப்பு. சின்னச் சட்டிக்கு இது ஒண்டும் தேவையில்லை, உன்ர கைபோதும். பெரிசுக்குக் கை காணாது."

அப்பாவின் கை அடுப்பின் திருகியில் இருந்தது. முப்பது நோர்வேக்காரர், பதினொரு குடும்பம், மணப்பெண், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கை இப்படியும் போகாமல் அப்படியும் போகாமல் நின்றது. அக்கா பக்கத்தில் வந்து, அணையுங்கோ அப்பா, எனக்கு ஒண்டும் ஆகாது என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருகினார். நீலம் போனது. இளக்கிய பாணியை இருவரும் ஆளுக்கொரு பிடியாக வாளியைப் பிடித்து ஊற்றினார்கள், அப்பா துழாவினார், துடுப்பு எண்ணெய்க் கண்ணாடியில் போகிற மாதிரி வழுக்கியது. திரும்ப மூட்டினார்கள். கொதித்தது. ஹொப்ஸ் போட்டார்கள். கொதி முடிகிற நேரம் வர, அப்பா தானே நெருப்பை அணைத்து மிச்சப் பாணியையும் ஊற்றித் திரும்ப மூட்டினார், இந்தமுறை கண்ணை மூடவில்லை. கொதித்து முடியும்வரைக்கும் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கிடாரம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஸ்பனின் பெரியப்பா, இது பேசுகிற கிடாரம் என்று கேள்விப்பட்டேனே என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

சனம் போனபின், பியரை வாளிகளில் ஆறவிட்டு மூடிவிட்டு, அப்பாவும் லூசியன் மாமாவும் கிடாரத்தைச் சரித்துக் கழுவினார்கள். நான் குழாய் பிடித்தேன். நடுப்பகல் தாண்டிய வெய்யில் கிடாரத்துக்குள் இறங்கி, அடியில் பட்டு, மூன்று பேரின் முகத்திலும் அடித்தது. அடி புதுச் சருவச்சட்டி மாதிரி மினுங்கியது, ஒரு கறைகூட இல்லை. அப்பா விரலால் தடவிப் பார்த்தார். விரல் மெதுவாகி நின்றது.

"அண்ணை. அண்டைக்கு, அந்த ஞாயிறும், நீங்கள் அணைச்சுப்போட்டுத்தானே ஊத்தினனீங்கள்?"

"நான் எண்டைக்கும் அணைச்சுப்போட்டுத்தான்."

"நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். அடுப்பு அணைஞ்சுதான் கிடந்தது."

"ஓம்."

"அணைஞ்ச அடுப்பில எப்பிடி அடிப்பிடிக்கும்? அடிப்பிடிக்காமல் கிடாரம் என்னெண்டு கதைச்சது?"

லூசியன் மாமா துணியைப் பிழிந்தார், நன்றாகவே பிழிந்தார், ஒரு சொட்டும் மிச்சமில்லாமல். "கிடாரம் கதைக்கேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், குகன். ஆனா சொன்னது பொய்யில்லை. அடுத்தநாள் பெடியனுக்கு நானே போன் எடுத்தன். மழையைப் பற்றிக் கதைச்சவன்." இப்படிச் சொல்லிவிட்டு அவர் படகைப் பார்த்தார். தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அப்பாவும் படகைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். குழாய் வழியே மெல்ல மெல்ல வந்து, என் கைக்கு வந்து, முகத்துக்கு வந்தார். வாய் கொஞ்சம் திறந்தது. சிரிப்பு உதட்டின் ஒரு கரையில் தொடங்கி, எட்டு மாதமாய்ப் பூட்டிக்கிடந்த வயிற்றுக்குள் இறங்கி, அவரைக் கிடாரத்தின் விளிம்பில் பிடித்துக்கொண்டு குனியவைத்து, கண்ணில் தண்ணீர் வரவைத்தது. நாய்கள் வந்து வாலாட்டின. நான் சொன்ன சிரிப்பு இதுதான், இனி நீங்களும் சிரிக்கலாம்.

ஆனால் அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்த கை கண்ணிலேயே நின்றது.

"அப்ப, அந்த நாள் தாச்சியில கேட்ட குரல்," என்றார் மெல்ல. "ஆரின்ர எண்டு தெரியாத குரல்."

எனக்கு எல்லாக் குரலும் வரும். அந்த நேரம் ஒன்றும் வரவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் சப்பாத்தில் ஓடிக்கொண்டிருக்க, அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.